கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை எப்படி எழுதுவது? கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மளிகை, ஹார்டுவேர், ஜவுளி, மருந்துக்கடை எனச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். மார்ச் 31 முடிந்து வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்தால், அநேகமாக எல்லாக் கடைகளிலும் ஒரே இடத்தில்தான் பேனா நிற்கும். முதலாளி வீட்டுக்கு எடுத்த பணம் எங்கே எழுதியிருக்கிறது? சிலர் எழுதுவதே இல்லை. சிலர் ‘இதர செலவு’ என்று போட்டுவிடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தனி ஆளாகக் கடை நடத்துபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கூட்டு வியாபாரம், கம்பெனி பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

வருமான வரிப் பிரிவு எண்கள் 1961ஆம் வருடச் சட்டப்படி உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2025ஆம் வருடச் சட்டத்தில் எண்கள் வேறு.

என் கடை, என் பணம். நான் எடுப்பதை நான் ஏன் எழுத வேண்டும்?

பணம் உங்களுடையதுதான், அதை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் கணக்கு என்பது கடையின் கணக்கு. நீங்கள் கடைக்குப் பணம் போட்டவர். கடை உங்களுக்கு அதைத் தர வேண்டியிருக்கிறது. அப்படித் தர வேண்டிய தொகைக்குப் பெயர்தான் முதல், அதாவது மூலதனம். அதிலிருந்து உங்கள் சொந்தத் தேவைக்கு எடுப்பது எடுப்பு. ஆடிட்டர்கள் ‘டிராயிங்ஸ்’ என்பார்கள். சட்டத்தின் கண்ணில் தனி உரிமையாளரும் கடையும் ஒரே ஆள்தான். கணக்கில் மட்டும் இரண்டு ஆள்.

நான் கணக்குப் பழகிய ஜவுளிக்கடையில், புதுக்கணக்குப் போடும் நாளில் பிள்ளையார் சுழி போட்டு, ‘லாபம்’ என்று எழுதி முடித்ததும், பேரேட்டில் முதலாளி பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார் கணக்குப்பிள்ளை. முதலாளி தன் மகளுக்கு என்று எடுத்துப்போன புடவைகூட அன்று மாலையே அந்தப் பக்கத்தில் பற்று ஏறிவிடும். முதலாளியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்களில் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று உங்கள் முதல் 8,00,000 ரூபாய். அந்த வருடம் உண்மையான நிகர லாபம் 4,80,000. வீட்டுக்கு மாதம் 30,000 வீதம் 3,60,000 எடுத்தீர்கள். சரியாக எழுதினால் வருடக் கடைசியில் முதல் 9,20,000. எட்டு லட்சத்தோடு லாபத்தைக் கூட்டி, எடுப்பைக் கழித்தது.

இதே 3,60,000 ரூபாயைக் கடைச் செலவாக எழுதிவிட்டால் லாபம் 1,20,000 ஆகக் குறைகிறது. முதல் எவ்வளவு? 8,00,000 கூட்டல் 1,20,000, அதே 9,20,000. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும். அதனால்தான் இந்தத் தவறு வருடக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. மாறியது லாபம் மட்டும். அந்த லாபத்தைத்தான் வரித்துறை பார்க்கிறது, கடன் கேட்டுப் போனால் பேங்க் பார்க்கிறது. நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் கடை, தாளில் மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் கடையாக நிற்கும்.

மூன்றாவது வகை, எங்கேயும் எழுதாமல் விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். எழுதாத பணம் புத்தகத்தில் கைரொக்கமாகவே இருக்கும். இரண்டு மூன்று வருடம் போனால் புத்தகத்தில் கைரொக்கம் ஏழெட்டு லட்சம் இருக்கும், கல்லாவில் நாலாயிரம் இருக்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், இப்படிக் கணக்கு வைத்திருந்த ஒருவர் மறுநாள் காலையிலேயே என் வாசலில் நின்றார். புத்தகத்தில் இருந்த ரொக்கத்தைப் பேங்கில் கட்டியாக வேண்டும். கட்ட அவரிடம் பணம் இல்லை.

சரி, எந்தப் பதிவு போட வேண்டும்?

ரொக்கமாக எடுத்தால் எடுப்புக் கணக்கு பற்று (டெபிட்), ரொக்கக் கணக்கு வரவு (கிரெடிட்). கடையின் பேங்க் கணக்கிலிருந்து போனால் எடுப்பு பற்று, வங்கி வரவு. வருடக் கடைசியில் முதல் கணக்கு பற்று, எடுப்புக் கணக்கு வரவு என்று ஒரு பதிவு போட்டு எடுப்பை முதல் கணக்கிலிருந்து கழித்து மூடிவிட வேண்டும். லாப நட்டக் கணக்குப் பக்கமே எடுப்பு போகக் கூடாது.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதுபவர்கள் ‘எடுப்பு’ லெட்ஜரைச் செலவுக் குழுவில் திறக்காமல், கேப்பிட்டல் அக்கவுண்ட் குழுவுக்குக் கீழே திறங்கள். பணம் போனால் எஃப்5 பேமெண்ட், சரக்கு போனால் எஃப்7 ஜர்னல்.

கல்லாவிலிருந்து தினமும் ஐம்பது, நூறு என்று எடுக்கிறேன். ஒவ்வொன்றையும் எழுத முடியுமா?

ஒவ்வொன்றையும் டேலியில் ஏற்ற வேண்டாம். ஆனால் கடை மூடும்போது கல்லாவை எண்ணாமல் போகாதீர்கள். நான் கணக்குப் பார்க்கும் ஒரு மளிகைக்கடையில் ஒரு நாள் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். காலை இருப்பு 5,000. ரொக்க விற்பனை 18,450. எண்ணெய் கொண்டுவந்த ஏஜென்சிக்குக் கொடுத்தது 6,200. சுமைக்கூலியும் டீயும் 350. கல்லாவில் இருக்க வேண்டியது 16,900. எண்ணினால் 14,700. இரண்டாயிரத்து இருநூறு குறைகிறது.

முதலாளி முகம் கடைப் பையன் பக்கம் திரும்பியது. “அண்ணே, பொறுங்க, மதியம் வீட்டிலிருந்து அண்ணி வந்தாங்களா?” என்று கேட்டேன். வந்திருக்கிறார். டியூஷன் பீஸ் 1,500. காலையில் மீன் வாங்கக் கொடுத்தது 500. வெள்ளிக்கிழமைப் பூ, பழம் 200. கணக்கு முடிந்தது. அன்று அதைக் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு நல்ல பையன் வீணாகச் சந்தேகத்தில் நின்றிருப்பான். கல்லாவில் ஒரு சின்ன நோட்டு வைக்கச் சொல்லி நான் கெஞ்சுவது வரிக்காக மட்டும் இல்லை.

அந்த நோட்டில் ‘வீடு 1,500’ என்று கிறுக்கினால் போதும். இரவு கூட்டி, நாள் கணக்கில் ஒரே வரியாக எடுப்பு 2,200 என்று எழுதலாம். இதைவிட நல்ல வழி, மாதம் முதல் தேதி ஒரு தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, வீட்டுச் செலவை அதிலிருந்தே செய்வது. வருடத்துக்குப் பன்னிரண்டு பதிவோடு வேலை முடியும். கைக்குள் நிற்காமல் நடுவில் கொஞ்சம் எடுத்தாலும் நோட்டு இருக்கிறது.

ஜிபே, போன்பே எல்லாம் ஒரே கணக்கில் வருகிறது, போகிறது. எப்படிப் பிரிப்பது?

கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் எந்தப் பேங்க் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். பலருக்கு அது சொந்தச் சேமிப்புக் கணக்காக இருக்கும். அப்படியானால் விற்பனைப் பணமும், மாமனார் அனுப்பிய பணமும், கேஸ் சிலிண்டர் கட்டணமும் ஒரே ஸ்டேட்மெண்டில் கிடக்கும். கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கு திறந்து, கியூஆரை அதற்கு மாற்றுங்கள். சொந்தச் செலவுக்குப் போனில் வேறு கணக்கை முதன்மையாக வையுங்கள். தப்பித்தவறிக் கடைக் கணக்கிலிருந்து சினிமா டிக்கெட் போனால் அது எடுப்பு, அவ்வளவுதான். குறிப்பு எழுதும் இடத்தில் ‘வீடு’ என்று இரண்டு எழுத்துத் தட்டிவிட்டால் மாதக் கடைசியில் தேட வேண்டியதில்லை.

பேங்கிலிருந்து பணம் எடுத்தால் அது எடுப்பா?

கடைச் செலவுக்காக எடுத்துக் கல்லாவில் போட்டால் எடுப்பு இல்லை. ரொக்கம் பற்று, வங்கி வரவு; டேலியில் எஃப்4 கான்ட்ரா. அதே பணம் நேராக வீட்டுக்குப் போனால்தான் எடுப்பு.

எது கடைச் செலவு, எது எடுப்பு என்றே சில சமயம் குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும், ஏனென்றால் நம் வாழ்க்கையில் கடையும் வீடும் ஒட்டித்தான் இருக்கின்றன. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடை இல்லாவிட்டாலும் இந்தச் செலவை நீங்கள் செய்திருப்பீர்களா? ஆம் என்றால் அநேகமாக எடுப்பு. சட்டத்தின் 37(1) பிரிவும் முழுக்க முழுக்கத் தொழிலுக்கான செலவைத்தான் ஏற்கிறது. சொந்தச் செலவை வெளியே தள்ளுகிறது.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையாட்களுக்குக் கொடுத்த போனஸ், துணி, இனிப்பு கடைச் செலவு. அதே பில்லில் உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்த துணி எடுப்பு. துணிக்கடையிலேயே இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். ஆயுதபூஜைக்குக் கடையில் வாங்கிய பொரி, கடலை, மாலை கடைச் செலவு. குலதெய்வம் கோயில் திருவிழாவுக்கு எழுதிய நன்கொடை எடுப்பு. அதே திருவிழா மலரில் கடை பெயரில் விளம்பரம் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் விளம்பரச் செலவு.

உங்கள் எல்ஐசி பிரீமியம், குடும்ப மருத்துவக் காப்பீடு இரண்டும் எடுப்பு. பழைய வரி முறையில் இருப்பவர்கள் 80சி, 80டி கழிவை ரிட்டர்னில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். கடைச் செலவில் எழுதத் தேவையில்லை. வீட்டுக்கடன் தவணை முழுவதும் எடுப்பு. கடைக்கு வாங்கிய கடனின் தவணையில் வட்டி மட்டும் செலவு, அசல் அந்தக் கடனைக் குறைக்கும்.

சீட்டுப் பணத்தில் பலர் தவறுகிறார்கள். மாதாமாதம் கட்டும் சீட்டு செலவே இல்லை. கடைக்காகப் போட்ட சீட்டு என்றால் அது கடையின் சொத்து, ‘சீட்டு’ என்ற பெயரில் தனிக் கணக்கு திறங்கள். மகள் கல்யாணத்துக்கு என்று போடும் சீட்டும், நகைச்சீட்டும் எடுப்பு.

கார், பைக், போன், கரண்ட் இவையெல்லாம் இரண்டுக்கும் சேர்ந்தவை. மாதம் 6,000 ரூபாய் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு சொந்த ஓட்டம் என்றால் 2,000 எடுப்பு. கார் கடையின் சொத்தாக இருந்தால் தேய்மானத்திலும் அதே விகிதம் வரிக் கணக்கில் குறையும். ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும், அதே விகிதத்தை வருடா வருடம் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். கீழே கடை, மேலே வீடு, ஒரே மீட்டர் என்று இருப்பவர்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், கணக்கும் தானாகப் பிரிந்துவிடும்.

கடைச் சரக்கையே வீட்டுக்கு எடுத்துப்போனால்?

அதுவும் எடுப்பு, ரொக்கம் எடுத்ததற்குச் சமம். விற்பனை விலையில் எழுதாதீர்கள், வாங்கிய விலையில் எழுதுங்கள். உங்களுக்கே விற்று நீங்களே லாபம் சம்பாதிக்க முடியாது. பதிவு: எடுப்பு பற்று, கொள்முதல் வரவு.

ஜிஎஸ்டி பதிவு செய்த கடையில் இன்னொரு படி உண்டு. வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருப்பவர் மகளின் புது வீட்டுக்கு ஒரு மிக்ஸி கொண்டுபோகிறார். கடைக்கு வந்த விலை 3,000, அதன் மேல் 18 சதவீதம் வரி 540. வாங்கும்போது அந்த 540 ரூபாயை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பார். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு அந்த வரவு கிடையாது. அதைத் திருப்ப வேண்டும். எடுப்பு பற்று 3,540. கொள்முதல் வரவு 3,000. மத்திய வரி வரவு 270, மாநில வரி வரவு 270. அந்த மாத ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னில் 4(பி)(1) வரிசையில் 540 காட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரவு எடுப்பதே இல்லை, அதனால் திருப்பவும் வேண்டாம்; வரியோடு சேர்ந்த அடக்க விலையை எழுதினால் சரி.

மளிகைக்கடைக்காரர்களுக்கு ஒரு சின்னக் கவனம். 26 கிலோ அரிசிச் சிப்பத்தை வீட்டுக்கு அனுப்பினால் திருப்ப வரியே இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்குத்தான் 5 சதவீதம். 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்ததே அதனால்தான். ஆனால் அதே ஆட்டோவில் போகும் எண்ணெய், சோப்பு, பிஸ்கட்டுக்கு வரி உண்டு. ஒரு நோட்டில் வீட்டுக்குப் போன சரக்கை எழுதிவைத்து மாதம் ஒரு முறை சேர்த்துப் பதிவு போடுங்கள்.

இதை எழுதாவிட்டால் இருப்புச் சரக்கு எண்ணும்போது குறையும், அல்லது மொத்த லாப விகிதம் காரணமில்லாமல் இறங்கும். நல்ல வியாபாரம் நடந்த வருடத்தில் லாபம் ஏன் விழுந்தது என்று ஒரு கடைக்காரரோடு உட்கார்ந்து தேடினோம். தங்கை கல்யாணத்துக்கு மொத்தச் சமையல் சாமானும் கடையிலிருந்தே போயிருந்தது. ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

எனக்கு நானே மாதச் சம்பளம் எழுதிக்கொள்ளலாமா?

தனி உரிமையாளர் எழுத முடியாது. எந்தப் பெயரில் எழுதினாலும் வரிக் கணக்கில் அது எடுப்புதான். சொந்தக் கட்டிடத்தில் கடை இருந்தால் உங்களுக்கே வாடகை எழுதவும் முடியாது. உங்கள் உழைப்பின் கூலி லாபத்துக்குள்ளேயே இருக்கிறது.

கடையில் உட்காரும் மனைவிக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

உண்மையாகவே வேலை பார்க்கிறார் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பல கடைகளில் காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரை கல்லாவில் உட்காருபவர் அவர்தான், பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. சம்பளம் அவர் பேங்க் கணக்குக்குப் போகட்டும், ஊர் வழக்கத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அதிகப்படியை 40ஏ(2) பிரிவில் தள்ளுவார்கள். அந்த வேலைக்குரிய தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி அவருக்கு இல்லையென்றால், 64(1) பிரிவுப்படி அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படலாம். ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். வேலை பார்க்காதவர் பெயரில் எழுதும் சம்பளம் எடுப்புதான்.

வருமான வரி கட்டியதை எங்கே எழுதுவது?

எடுப்பு. முன்கூட்டிய வரி, சுய மதிப்பீட்டு வரி, அதன் வட்டி எல்லாமே. ஜிஎஸ்டி கடை சம்பந்தப்பட்டது, அது வேறு.

44ஏடியில் 6 சதவீதம், 8 சதவீதம் காட்டிவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் எதற்கு?

விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமானமாகக் காட்டும் பிரிவு அது. அதில் கணக்குப் புத்தகம் கட்டாயம் இல்லை என்பது சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். 40 லட்சம் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் என்றால் 3,20,000 வருமானம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடன் தவணை, காப்பீடு, மளிகை என்று வருடத்துக்கு 5 லட்சம் செலவு தெரிகிறது. மீதி எங்கிருந்து வந்தது? அதிகாரி கேட்கும் கேள்வி இதுதான். பதில் இல்லாத செலவு 69சி பிரிவில் வருமானமாகும். எடுப்பு குறைவாக இருப்பதும் கேள்விக்குரியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு வருடம் முழுக்க 40,000 ரூபாய் எடுப்பு என்று எழுதினால் யார் நம்புவார்கள்? வேறு வருமானத்தில் குடும்பம் நடந்தால், மனைவியின் சம்பளமோ வாடகையோ நிலத்து வருமானமோ, அதைக் காட்டும் தாளைச் சேர்த்து வையுங்கள்.

எடுத்த பணத்தைத் திருப்பிக் கடையில் போட்டால்?

ரொக்கம் அல்லது வங்கி பற்று, எடுப்பு வரவு. புதிதாக வெளியிலிருந்து கொண்டுவந்த பணமானால் முதல் கணக்கில் வரவு. நகை அடகு வைத்ததா, நிலம் விற்றதா, எங்கிருந்து வந்தது என்ற ஆதாரம் கையில் இருக்க வேண்டும். விற்பனையில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். மச்சானிடம் கடனாக வாங்கிப் போடுவதானால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பேங்க் வழியாகவே வரட்டும்.

முதல் கணக்கு மைனஸில் போய்விட்டது. தப்பா?

லாபத்தையும் போட்ட முதலையும் தாண்டி எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பணம் பேங்க் ஓவர்டிராஃப்டிலிருந்தோ சரக்குக் கடன்காரர்களிடமிருந்தோதான் வந்திருக்கும். ஓவர்டிராஃப்டுக்கு வட்டி கட்டிக்கொண்டே வீட்டுக்கு எடுத்திருந்தால், அந்த அளவு வட்டி தொழிலுக்கானது இல்லை என்று வரித்துறை கழிவை மறுக்கலாம். கடன் புதுப்பிக்கும்போது பேங்கும் முதலில் இந்த வரியைத்தான் பார்க்கும். பெரும்பாலும் ஒரு வீடு கட்டியதோ, கல்யாணமோ, மருத்துவச் செலவோ காரணமாக இருக்கும். அதற்கு வீட்டுக்கடன், சொந்தக் கடன் என்று தனியாக வாங்கியிருந்தால் கடை பிழைத்திருக்கும். சரக்குப் பணத்தை வீட்டுச் சுவரில் பூசிவிட்டு மூடிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன், வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்த கடைகள்.

பார்ட்னர்ஷிப், பிரைவேட் லிமிடெட் என்றால்?

பார்ட்னர்ஷிப்பில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி எடுப்புக் கணக்கு வேண்டும். ஒரே கணக்கில் போட்டால் கசப்பு உறுதி. வேலை செய்யும் பங்காளிக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் சம்பளமும், முதலுக்கு 12 சதவீதம் வரை வட்டியும் கழிவாகும். இவை வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். தன் முதலிலிருந்து எடுப்பதற்கு அந்த டிடிஎஸ் இல்லை. அதனால் எது சம்பளம், எது எடுப்பு என்று எழுதும்போதே தெளிவாக இருக்க வேண்டும்.

எடுப்பு மீது வட்டி பத்திரத்தில் இருந்தால் மட்டும். மாதத் தொடக்கத்தில் 10,000 வீதம் எடுத்து 6 சதவீத வட்டி என்றால், 1,20,000 ரூபாய்க்கு ஆறரை மாத வட்டி, 3,900. மாதக் கடைசியில் எடுத்தால் ஐந்தரை மாதம், 3,300.

கம்பெனியில் எடுப்பு என்ற ஒன்றே கிடையாது. சம்பளம், டிவிடெண்ட், கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவது இவைதான் வழி. கம்பெனிப் பணத்தை டைரக்டர் சும்மா எடுத்தால் டைரக்டருக்குக் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் கம்பெனிச் சட்டத்தின் 185ஆம் பிரிவும், அப்படிப்பட்ட கடனை டிவிடெண்டாகக் கருதும் வருமான வரியின் 2(22)(இ) பிரிவும் வந்து நிற்கும்.

இத்தனை வருடம் தப்பாக எழுதிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நடப்பு வருடத்தில் ‘இதர செலவு’ என்று எழுதியிருந்தால் எளிது: எடுப்பு பற்று, இதர செலவு வரவு என்று ஒரு ஜர்னல். முடிந்த வருடங்களில் அதனால் லாபம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால், திருத்திய ரிட்டர்னுக்கோ அப்டேட்டட் ரிட்டர்னுக்கோ காலம் இருக்கிறதா என்று ஆடிட்டரோடு பேசுங்கள். நோட்டீஸ் வருமுன் நீங்களாகப் போய்ச் சொல்வது எப்போதும் மலிவு.

புத்தகத்தில் இருந்தும் கையில் இல்லாத ரொக்கம்தான் சிக்கல் என்றால், ஒரு நாள் கடை மூடியபின் கல்லாவையும் வீட்டுப் பீரோவையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். புத்தக இருப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்குப் போனதுதான் என்றால், ஆடிட்டரிடம் காட்டிவிட்டு, எண்ணிய அந்தத் தேதியிலேயே எடுப்பில் ஏற்றுங்கள். பழைய தேதி போட்டுப் பிரித்துப் பிரித்து எழுத வேண்டாம். எண்ணிய தாளை அந்த வருடக் கோப்பிலேயே வையுங்கள்.